தர்லஸ் ஹேய்ஸ் ஹோட்டலை ஜி.ஏ.ஏ. வாங்கியிருக்க வேண்டாமா?

ஷூர்க்கரை:

எல்லோருக்கும் வணக்கம். அயர்லாந்தில் டப்ளினிலிருந்து கார்க் போகும் ரயிலில் பாதி வழியில் தர்லஸ் என்ற ஊர் வரும். டிப்பரரி கவுண்ட்டியை (நம் மாவட்டம் போன்றது) சேர்ந்தது, சுமார் 8,000 பேர் வசிக்கிற சின்ன ஊர். நடுவில் லிபர்ட்டி சதுக்கம், அங்கேதான் ஹேய்ஸ் ஹோட்டல் இருக்கிறது. 1884 நவம்பர் 1, சனிக்கிழமை பிற்பகல், இந்த ஹோட்டலின் பில்லியர்ட்ஸ் அறையில் சில பேர் கூடி கேலிக் அத்லெட்டிக் சங்கத்தைத் தொடங்கினார்கள். மட்டையும் சிறு பந்தும் கொண்டு ஆடும் ஹர்லிங்கையும், அயர்லாந்தின் சொந்தக் கால்பந்தான கேலிக் கால்பந்தையும் இன்று நடத்துகிற ஜி.ஏ.ஏ. அதுதான். இப்போது 2,200-க்கு மேல் கிளப்புகள். இந்த நாட்டில் ஒரு கிராமத்துக்குள் நுழைந்தால் தேவாலயம் எங்கே இருக்கிறதோ இல்லையோ, ஜி.ஏ.ஏ. மைதானம் எங்கே என்று யாரும் கை காட்டுவார்கள்.

அந்த ஹோட்டல் 2014-ல் விற்பனைக்கு வந்தது. உள்ளூர்த் தொழிலதிபர் ஒருவர் வாங்கினார், ஹோட்டல் தொடர்ந்து நடக்கிறது. அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, சொல்லப்போனால் நன்றிதான். என் கேள்வி சங்கத்தை நோக்கி. டப்ளினில் 82,300 பேர் உட்காரும் குரோக் பார்க்கைச் சொந்தமாக வைத்திருக்கும் அமைப்பு, தான் பிறந்த இடம் சந்தைக்கு வந்தபோது ஏன் வாங்கவில்லை? இன்றைய உரிமையாளர் நல்லவர். நாளை அவர் விற்றால், வாங்குகிறவர் அதை அடுக்குமாடிக் குடியிருப்பாக மாற்ற நினைத்தால் என்ன செய்வோம்?

2034-ல் சங்கத்துக்கு 150 வயது. அதற்குள் இந்தக் கட்டடம் சங்கத்தின் கைக்கு வரவேண்டும் என்பது என் கருத்து. மாற்றுக் கருத்துள்ளவர்கள் எழுதுங்கள்.

பொருளாளர்:

நான் முழுக்க எதிர்க்கிறேன். டப்ளின் பக்கம் ஒரு கிளப்பில் கணக்கு பார்க்கிறவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

ஜி.ஏ.ஏ.வின் ஆண்டு வருமானம் 10 கோடி யூரோவைத் தாண்டுகிறது என்றதும் எல்லோரும் அதைச் சும்மா கிடக்கும் பணமாக நினைக்கிறார்கள். ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கிடையாது. ஆசிரியரும் விவசாயியும் நர்ஸும் வேலை முடிந்த பிறகு வந்து ஆடுகிறார்கள். டிக்கெட்டில் வரும் பணத்தின் பெரும்பகுதி கவுண்ட்டிகளுக்கும் கிளப்புகளுக்கும் திரும்பிப் போகிறது. மைதானத்துக்கு விளக்கு, பெண் பிள்ளைகளுக்கு உடைமாற்றும் அறை, பயிற்சியாளர் படிப்பு, காயம்பட்டவர்களுக்குக் காப்பீடு, எல்லாம் அதிலிருந்துதான். எங்கள் கிளப்பில் ஒரு சின்ன மைதானத்துக்கு வடிகால் போட எத்தனை குடும்பங்களிடம் போய் நின்றோம் என்று எனக்குத் தெரியும்.

ஹோட்டலை வாங்குவது ஒரு நாள் செலவு. அதை நடத்துவது ஒவ்வொரு நாளும் செலவு. சமையலறை, மது உரிமம், ஊழியர்கள், நவம்பர் முதல் மார்ச் வரை காலியாகக் கிடக்கும் அறைகள். விளையாட்டுச் சங்கத்துக்கு இந்தத் தொழில் தெரியாது. அருங்காட்சியகமாக்கலாம் என்பீர்கள். அதே தர்லஸில், பழைய வங்கிக் கட்டடத்தில், லார் ந பார்க் என்ற ஜி.ஏ.ஏ. அருங்காட்சியகம் 1994-லிருந்து இருக்கிறது. குரோக் பார்க்கில் 1998-லிருந்து இன்னொன்று. மூன்றாவது எதற்கு?

இன்னொன்றும் கேட்கிறேன். 140 வருடமாக ஆள் வந்து போகிற ஹோட்டலில் அந்த 1884 பிற்பகலின் எந்தச் சுவர், எந்த மேசை மிச்சம் இருக்கும்? 2018-ல் யுனெஸ்கோ ஹர்லிங்கைத் தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. அவர்கள் கௌரவித்தது ஆட்டத்தை. ஏழு வயதுப் பிள்ளை கையில் ஹர்லி மட்டையைக் கொடுத்தால் அந்த மரபு பிழைக்கும். செங்கல்லுக்குச் செலவிட்டால் பிழைக்காது.

ஏடுபுரட்டி:

விவாதம் சூடாகும் முன் சில வரலாற்றுத் தகவல்களை வைத்துவிடுகிறேன். இருவருமே "அந்த ஒரு நாள், அந்த ஓர் அறை" என்று பேசுகிறீர்கள். நடந்தது கொஞ்சம் பரந்தது.

கிளேர் கவுண்ட்டியின் பரென் பாறை நிலத்தில் பிறந்தவர் மைக்கேல் கியூசாக். டப்ளினில் அரசுத் தேர்வுகளுக்கு மாணவர்களைத் தயார்செய்யும் பள்ளி நடத்தினார். அன்றைய தடகளப் போட்டிகள் ஆங்கிலேய விதிகளின்படி, கனவான்களுக்காக நடந்தன. உழைக்கும் ஆட்களுக்கு அங்கே இடமில்லை. ஹர்லிங் பல இடங்களில் அழிந்துகொண்டிருந்தது. 1884 ஆகஸ்டில் கால்வே கவுண்ட்டியின் லாக்ரே ஊரில் ஒரு வீட்டில் கியூசாக் சிலரோடு கூடிப் பேசினார். அங்கிருந்த பிஷப் டக்கனைப் புரவலராகக் கேட்டார்கள். உடல்நிலையைக் காரணம் சொல்லி அவர் காஷலின் பேராயர் குரோக்கைக் கைகாட்டினார். சங்கம் உண்மையில் எங்கள் ஊரில்தான் கருக்கொண்டது என்று லாக்ரேக்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

அக்டோபர் 11-ல் கியூசாக்கின் கட்டுரை வெளியானது. ஒரு வாரத்தில், சுத்தியல் எறிதலில் பேர்போன மாரிஸ் டேவின் அதை ஆதரித்து எழுதினார். நவம்பர் 1-ல் தர்லஸ் கூட்டம். டேவின் தலைவர், கியூசாக், ஜான் வைஸ் பவர், ஜான் மெக்கே மூவரும் செயலாளர்கள். அடுத்த கூட்டம் டிசம்பர் 27-ல் கார்க் நகரின் விக்டோரியா ஹோட்டலில். பிறகு 1885 ஜனவரி 17-ல் மீண்டும் ஹேய்ஸ் ஹோட்டல். ஆட்ட விதிகள் ஏற்கப்பட்டது அந்தக் கூட்டத்தில்தான். என்னைக் கேட்டால் இந்த ஜனவரி நாளுக்கு நவம்பர் 1-ஐவிட எடை அதிகம். பெயரும் புரவலரும் மட்டும் இருந்து விதிகள் இல்லாமல் போயிருந்தால், அன்றைக்குத் தோன்றி மறைந்த பல சங்கங்களோடு இதுவும் போயிருக்கும்.

எத்தனை பேர் வந்தார்கள் என்பதிலும் சண்டை இருக்கிறது. ஏழு பேர் என்று பாடமாகச் சொல்வார்கள். அன்றைய செய்தித்தாள்களில் கூடுதல் பெயர்கள் உண்டு, 13 வரை எண்ணுகிறவர்களும் இருக்கிறார்கள்.

மலர்_கார்க்:

ஏடுபுரட்டி அண்ணா, நல்ல தகவல். ஆனால் இவ்வளவு பெயரில் ஒரு பெயர் விட்டுப்போனது. ஹோட்டல்காரருடையது.

அது மிஸ் ஹேய்ஸ் கமர்ஷியல் ஹோட்டல். ஒரு பெண் தன் பெயரில் நடத்திய தொழில். ஊர் ஊராகப் போய் ஆர்டர் எடுக்கும் வியாபாரப் பிரதிநிதிகள் தங்குவதற்கென்று அந்தக் காலத்தில் அயர்லாந்தின் சந்தை ஊர்கள் தோறும் இப்படிக் கமர்ஷியல் ஹோட்டல்கள் இருந்தன. ஊரில் நகராட்சிக் கட்டடம் இருந்தால் அது ஆள்வோரின் கையில். தேவாலய மண்டபம் பாதிரியாரின் கையில். பிரபுவின் மாளிகைக்குள் சாமானியன் நுழைய முடியாது. காசு கொடுத்தால் யாருக்கும் கதவு திறக்கும் ஒரே பெரிய அறை ஹோட்டலில்தான் இருந்தது. அதனால்தான் அந்த நாட்டின் பொதுவாழ்க்கை இவ்வளவு தூரம் ஹோட்டல்களில் நடந்திருக்கிறது. இத்தாலியிலிருந்து வந்த சார்ல்ஸ் பியான்கோனி 1815-ல் குளோன்மெல்லிலிருந்து காஹிருக்கு முதல் குதிரை வண்டிச் சேவையைத் தொடங்கினார். குளோன்மெல்லில் அவர் வண்டிகளுக்கு நிலையமாக இருந்தது ஹெர்ன்ஸ் ஹோட்டல். 1879 ஆகஸ்டில் மைக்கேல் டேவிட், குத்தகை விவசாயிகளின் உரிமைக்காக, மேயோ நிலச் சங்கத்தைத் தொடங்கியது காஸில்பாரில் டேலி'ஸ் ஹோட்டலில். ஐந்து வருடம் கழித்து ஹேய்ஸ்.

இப்போது என் முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். 1974 ஜூலை 18-ல், நான்கு கவுண்ட்டிகளின் பிரதிநிதிகள் கூடி, பெண்கள் கேலிக் கால்பந்துச் சங்கத்தைத் தொடங்கினார்கள். எங்கே என்று நினைக்கிறீர்கள்? அதே ஹேய்ஸ் ஹோட்டலில். அந்த வருடமே போட்டி நடத்தி, டிப்பரரி ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஆஃபலியை வென்று முதல் கோப்பையை எடுத்தது. 2019 இறுதிப் போட்டிக்குக் குரோக் பார்க்கில் 56,114 பேர் வந்தார்கள்.

ஆக இந்த ஹோட்டல் ஒரு சங்கத்தின் பிறப்பிடம் அல்ல, இரண்டு சங்கங்களின் பிறப்பிடம். 1884-ல் அந்த அறையில் ஒரு பெண்ணும் உறுப்பினராக உட்காரவில்லை, கட்டடம் பெண்ணுடையதாக இருந்தும். 90 வருடம் கழித்துப் பெண்கள் வந்து அதே வீட்டில் தங்கள் சங்கத்தைத் தொடங்கினார்கள் என்றால், அதற்குக் காரணம் அது அருங்காட்சியகமாகப் பூட்டப்படாமல் ஹோட்டலாகத் திறந்திருந்ததுதான். பொருளாளரே, நீங்கள் இதைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஷூர்க்கரை, நீங்களும் சேர்க்கவில்லை.

நெடுவழி:

தென் அயர்லாந்தின் மன்ஸ்டர் மாகாண ஹர்லிங் இறுதிப் போட்டி நாளில் ஒருமுறை தர்லஸ் போய்ப் பாருங்கள். செம்பிள் ஸ்டேடியத்தில் 45,000 பேருக்கு மேல் கொள்ளும். காலையிலேயே ரயில் ரயிலாக ஆட்கள் இறங்குவார்கள். லிபர்ட்டி சதுக்கம் முழுக்கச் சிவப்பும் நீலமஞ்சளுமாக இருக்கும். எல்லோரும் ஹேய்ஸ் வாசலில்தான் சந்திக்கிறார்கள். யார் சொந்தக்காரர் என்று அன்றைக்கு ஒருவரும் கேட்பதில்லை. பொருளாளர் சொன்னதுதான் எனக்கும் சரியாகப் படுகிறது.

ஷூர்க்கரை:

மலர் அக்கா, 1974-ஐ நினைவுபடுத்தியதற்கு நன்றி. அது என் வாதத்துக்கு இன்னும் வலுச் சேர்க்கிறது. சொத்தைச் சங்கம் வாங்கி, ஹோட்டலை நடத்தத் தெரிந்தவருக்கு நீண்ட காலக் குத்தகைக்கு விட்டால் போதும். சமையலறையும் மது உரிமமும் அவர் தலைவலி. கட்டடத்தின் எதிர்காலம் சங்கத்தின் பொறுப்பு. பொருளாளர் அண்ணா எழுப்பிய நவம்பர் முதல் மார்ச் வரைக்குமான கேள்விக்கு இதுதான் பதில்.

நெடுவழி சொல்வது போட்டி நாள். நான் மற்ற நாட்களில் அந்தச் சதுக்கத்தில் நடக்கிறவன். சிறிய ஊர்களின் மையம் எப்படிக் காலியாகிறது என்பதை அயர்லாந்தில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வங்கிக் கிளை மூடுகிறது, துணிக்கடை மூடுகிறது, எல்லாம் புறவழிச்சாலைக்குப் போகிறது. நடுச் சதுக்கத்தில் பெரிய ஹோட்டல் ஒன்று இருட்டாகிவிட்டால் பக்கத்துக் கடைகளும் பின்னாலேயே போகும்.

அப்புறம் இதில் ஒரு பழைய கடனும் இருக்கிறது. பேராயர் குரோக் வாழ்ந்த ஊர் தர்லஸ். கியூசாக் கேட்டதும் ஆதரவுக் கடிதம் எழுதி, இந்தச் சங்கத்தை ஊர்ப் பாதிரியார்கள் நம்பும்படி செய்தவர் அவர். 1902-ல் இறந்தார், தர்லஸ் பேராலயத்திலேயே அடக்கம். அவருக்கு நினைவுச்சின்னம் எழுப்ப 1913-ல் சங்கம் ஒரு போட்டித்தொடர் நடத்தியது. கெர்ரிக்கும் லவுத்துக்கும் நடந்த இறுதி ஆட்டம் டிராவாகி, மறு ஆட்டத்துக்குப் பெருங்கூட்டம் வந்து, எதிர்பார்த்ததைவிட அதிகப் பணம் சேர்ந்தது. அந்தப் பணத்தைக் கொண்டுதான் டப்ளினில் ஜோன்ஸ் சாலை மைதானத்தை 3,500 பவுண்டுக்கு வாங்கினார்கள். அதற்குக் குரோக்கின் பெயரை வைத்தார்கள். தர்லஸ்காரர்கள் அன்றே கொதித்தார்கள். குரோக்கின் சிலை தர்லஸ் சதுக்கத்துக்கு வர 1922 ஆனது.

குரோக் பார்க் என்ற பெயரை உலகம் முழுக்கச் சொல்கிறார்கள். அந்தப் பணம் எந்த ஊரில் நினைவுச்சின்னம் எழுப்பச் சேர்த்தது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? ஹோட்டலை வாங்குவது தர்லஸுக்குச் செய்யும் தர்மம் ஆகாது. வாங்கிய பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தருவது, அவ்வளவுதான்.

பொருளாளர்:

1913 கதையை நீங்கள் உங்களுக்கு ஆதரவாகச் சொல்கிறீர்கள். எனக்கு அது நேர்மாறாகத் தெரிகிறது.

அன்றைக்குச் சங்கத்தின் கையில் சொந்த மைதானம் கிடையாது. இறுதிப் போட்டிகளை வாடகை வயல்களில் நடத்தினார்கள். 1887-ஆம் ஆண்டுக்கான முதல் அகில அயர்லாந்து ஹர்லிங் இறுதிப் போட்டி அடுத்த வருடம் ஏப்ரல் 1-ல் பிர் ஊரின் ஒரு திடலில் நடந்தது. அதில் வென்றது உங்கள் தர்லஸ் அணிதான், கால்வேயின் மீலிக்கை எதிர்த்து. அப்படி இருந்த சங்கம், கையில் காசு வந்ததும் சிலைக்குச் செலவிடாமல் மைதானம் வாங்கியது. எனக்கு அது அந்தச் சங்கத்தின் மிக நல்ல முடிவுகளில் ஒன்று. குரோக்கையே கேட்டிருந்தால் எதை விரும்பியிருப்பார் என்று நினைக்கிறீர்கள்? பிள்ளைகள் ஓடுவதையா, தன் வெண்கல உருவத்தையா?

தர்லஸ் ஊருக்குச் சங்கம் ஒன்றும் செய்யவில்லை என்பதையும் ஏற்க முடியாது. நூற்றாண்டு விழா ஆண்டான 1984-ல் அகில அயர்லாந்து ஹர்லிங் இறுதிப் போட்டியைக் குரோக் பார்க்கிலிருந்து எடுத்துச் செம்பிள் ஸ்டேடியத்துக்குக் கொண்டுவந்தார்கள். அதில் கார்க் ஆஃபலியை வென்றது. அந்தப் போட்டிக்காக மைதானத்தை விரிவாக்கினார்கள். இன்றைக்கும் தர்லஸ் கடைக்காரர்களுக்கு வருமானம் தருவது அந்த மைதானம்தான்.

சதுக்கம் காலியாகிறது என்ற கவலை நியாயமானது. ஆனால் அது கவுண்ட்டி கவுன்சிலின் வேலை. வட இங்கிலாந்தில் ஹடர்ஸ்ஃபீல்ட் நகரத்து ஜார்ஜ் ஹோட்டலைப் பாருங்கள். 1895-ல் ரக்பியிலிருந்து பிரிந்த ரக்பி லீக் என்ற ஆட்டம் அங்கே பிறந்தது. 2013-ல் ஹோட்டல் மூடியது, வருடக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. கடைசியில் 2020-ல் அதை வாங்கியது கிர்க்லீஸ் கவுன்சில், ரக்பி அமைப்பு இல்லை. ஊரின் மையத்தைக் காப்பாற்ற வேண்டியது ஊர் நிர்வாகம்.

மலர்_கார்க்:

ஜார்ஜ் ஹோட்டலை நீங்கள் உதாரணமாகக் காட்டியது எனக்கு உதவி. ஏழு வருடம் பூட்டிக் கிடந்தது என்று நீங்களே எழுதுகிறீர்கள். யாருக்கும் பொறுப்பு இல்லாதபோது அதுதான் நடக்கும். கவுன்சில் எட்டிப் பார்ப்பதற்குள் கூரை ஒழுகத் தொடங்கியிருக்கும், சரிசெய்யும் செலவு பல மடங்கு ஏறியிருக்கும். நிலச் சங்கம் பிறந்த காஸில்பார் ஹோட்டலும் பிற்காலத்தில் மூடிப்போனதுதான். ஹேய்ஸ் ஹோட்டல் இன்றும் நடக்கிறது என்பது நமக்குக் கிடைத்த நல்வாய்ப்பு. அதை வைத்துத் திட்டம் போட முடியாது.

ஏடுபுரட்டி:

நான் இதுவரை பக்கம் சாயவில்லை. இப்போது சாய்கிறேன்: சங்கம் வாங்கக் கூடாது. ஆனால் பொருளாளர் சொல்லும் காரணத்துக்காக இல்லை.

1884-ல் அந்த அறையில் உட்கார்ந்தவர்களைப் பாருங்கள். டெம்பிள்மோரிலிருந்து வந்த ஜே.கே. பிராக்கன், கல் வேலைக்காரர், ரகசியப் புரட்சி இயக்கத்து ஆள். (அவருடைய மகன் பிரெண்டன் பிராக்கன் இரண்டாம் உலகப் போரில் சர்ச்சிலின் தகவல்துறை அமைச்சராக இருந்தார். குடும்பங்கள் போகும் திசையை யாரால் சொல்ல முடியும்!) அவரோடு வழக்கறிஞர் ஜோசப் ஓ'ரயன். செய்தித்தாள்காரர்கள் வைஸ் பவர், மெக்கே. இவர்களோடு அதே டெம்பிள்மோரில் பணியாற்றிய தாமஸ் செயின்ட் ஜார்ஜ் மெக்கார்த்தி. அவர் யார்? ராயல் ஐரிஷ் காவல்படையின் மாவட்ட ஆய்வாளர். பிரிட்டிஷ் ஆட்சியின் போலீஸ் அதிகாரி. 1882-ல் அயர்லாந்துக்காக ரக்பி ஆடியவர்.

போலீஸ் அதிகாரியும் அவர் கண்காணிக்க வேண்டிய புரட்சிக்காரரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரு விளையாட்டுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். எனக்கு அந்தப் பிற்பகலின் பேரழகு இதுதான். மலர் சொன்ன, யாருக்கும் கதவு திறக்கும் ஹோட்டல் அறையில் மட்டுமே அது நடக்க முடியும்.

பிறகு நடந்தது என்ன? சங்கம் காவல்படையினர் உறுப்பினராகத் தடை போட்டது. ரக்பி, கிரிக்கெட் போன்ற 'அந்நிய' ஆட்டங்களை ஆடுகிறவர்களுக்கும் தடை. அந்த இரண்டாவது தடை 1971 வரை இருந்தது. பிரிட்டிஷ் படையினரையும் வட அயர்லாந்துப் போலீசாரையும் விலக்கிய விதி 21 போனது 2001 நவம்பரில். ஆக, சங்கத்தின் நிறுவனர்களில் ஒருவரே பிற்காலத்தில் அதில் உறுப்பினராக முடியாது. மெக்கார்த்தி 1943-ல் டப்ளினில் இறந்தார், டீன்ஸ்கிரேஞ்ச் இடுகாட்டில் பெயர்க்கல்கூட இல்லாமல் புதைக்கப்பட்டார். சங்கம் அவருக்குக் கல் வைத்தது 2009-ல்.

தன் ஏழு நிறுவனர்களில் ஒருவரை 66 வருடம் அடையாளமில்லாமல் கிடக்கவிட்ட அமைப்பின் கையில், அந்தக் கூட்டம் நடந்த இடத்தின் சாவியைக் கொடுக்கச் சொல்கிறீர்கள். அது 1940-லோ 1950-லோ வாங்கியிருந்தால் அந்தச் சுவரில் மெக்கார்த்தியின் படம் இருந்திருக்குமா? தனியார் ஹோட்டல் யாருடைய கதையையும் திருத்துவதில்லை. வருகிறவர்கள் எல்லோரும் தங்கள் கதையைக் கொண்டுவரலாம். பெண்கள் 1974-ல் வந்ததும் அப்படித்தான்.

ஷூர்க்கரை:

அண்ணா, இது கனமான வாதம். ஆனாலும் ஏற்க முடியவில்லை.

கல்லை வைத்தது யார்? அந்தச் சங்கம்தான். தாமதமாக, மிகத் தாமதமாக. ஆனால் அமைப்பு என்று ஒன்று இருந்ததால்தான் உள்ளே இருந்து நாலு பேர் கேட்டு, தீர்மானம் போட்டு, தடையை நீக்கி, கல்லறைக்குக் கல் வைக்க முடிந்தது. ஜி.ஏ.ஏ.வில் ஒரு சின்ன கிளப் தீர்மானம் கொண்டுவந்தால் அது கவுண்ட்டி மாநாட்டுக்குப் போகும், அங்கிருந்து சங்கத்தின் ஆண்டுப் பொதுமாநாடான காங்கிரஸுக்குப் போகும். தனியார் உரிமையாளரிடம் எந்தத் தீர்மானத்தைக் கொண்டுபோவது? அவர் கதையைத் திருத்தவும் மாட்டார், காக்கவும் கடமைப்பட்டவர் இல்லை. நாளைக்கே பெயர்ப்பலகையை மாற்றினாலும் அவர் உரிமை.

லிபர்ட்டி சதுக்கத்தைப் பற்றியும் ஒரு விஷயம். மெக்கார்த்தி அந்த ஹோட்டலில் உட்கார்ந்து 35 வருடத்துக்குள், 1919 ஜூன் 23-ல், குதிரைப் பந்தயம் முடிந்து கூட்டம் நிறைந்திருந்த அதே சதுக்கத்தில் இன்னொரு மாவட்டக் காவல் ஆய்வாளர், மைக்கேல் ஹன்ட், சுட்டுக்கொல்லப்பட்டார். 1848 ஆகஸ்டில் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான கலகத்தின் தலைவர் வில்லியம் ஸ்மித் ஓ'பிரையன் பிடிபட்டது தர்லஸ் ரயில் நிலையத்தில். ஒரு காவல் அதிகாரியும் ஒரு புரட்சிக்காரரும் சேர்ந்து உட்கார்ந்த மேசையை இந்த ஊர் பெருமையாகச் சொல்லிக்கொள்ள எவ்வளவு காரணம் இருக்கிறது பாருங்கள். அந்த முழுக் கதையையும் சொல்ல ஓர் அறை வேண்டும். நான் கேட்பது அதைத்தான்.

நெடுவழி:

அறை போதுமென்றால் முழு ஹோட்டல் எதற்கு? உரிமையாளரோடு ஒப்பந்தம் போட்டு ஓர் அறையை மட்டும் சங்கம் எடுத்துக்கொள்ளலாமே.

மலர்_கார்க்:

நெடுவழி கேட்டது நல்ல கேள்வி. ஆனால் அறை ஒப்பந்தம் ஹோட்டல் இருக்கும்வரைதான். ஹோட்டல் கைமாறும்போது புதிய சொந்தக்காரர் அதை மதிக்க வேண்டுமென்றால் அந்த உரிமை நிலப் பதிவிலேயே ஏற வேண்டும். அப்படி எழுதிக் கொடுக்கச் சொன்னால் உரிமையாளர் அதற்கு ஒரு விலை கேட்பார், கேட்பது அவருக்கு நியாயம். அதைக் கொடுக்கத் தயாராக இருந்தால் பாதி தூரம் வந்துவிட்டோம்.

இன்னொரு விஷயத்தையும் யோசியுங்கள். ஜி.ஏ.ஏ., பெண்கள் கால்பந்துச் சங்கம், பெண்கள் ஆடும் ஹர்லிங்கான கமோகியின் சங்கம் மூன்றும் 2027-க்குள் ஒன்றாக இணைய வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். முன்னாள் குடியரசுத் தலைவர் மேரி மெக்கலீஸ் தலைமையில் அந்த வேலை நடக்கிறது. இணைந்தால், ஒரே அமைப்பின் இரண்டு பிறந்தநாட்களும் ஒரே கட்டடத்தில். 1884-க்கு மட்டும் என்றால் நானே எதிர்ப்பேன். இரண்டுக்கும் சேர்த்து என்றால் நான் ஷூர்க்கரை பக்கம். வாங்கட்டும், ஹோட்டலாகவே நடக்கட்டும்.

பொருளாளர்:

மலர், பெண்கள் விளையாட்டைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்பதால் கேட்கிறேன். இணைப்பு நடக்கும்போது முதல் செலவு என்ன? மைதானமும் உடைமாற்றும் அறையும். எத்தனையோ கிளப்புகளில் ஆண் பிள்ளைகள் பயிற்சி முடித்துக் கிளம்பும்வரை பெண் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். 1974-ல் அந்த ஹோட்டலில் கூடிய பெண்களிடம் பணத்தைக் கொடுத்து, கட்டடம் வாங்கவா, கூடுதல் மைதானம் போடவா என்று கேட்டால், எதைச் சொல்லியிருப்பார்கள்? எனக்குச் சந்தேகமே இல்லை.

ஷூர்க்கரை சொன்ன குத்தகை யோசனையில் ஒரு ஓட்டை இருக்கிறது. குத்தகைக்காரர் நஷ்டத்தில் விட்டுவிட்டுப் போனால் காலிக் கட்டடம் சங்கத்தின் கழுத்தில். அப்போது வரும் மின்கட்டணமும் காப்பீடும் எந்தக் கிளப்பின் பங்கிலிருந்து போகும்? இதற்குப் பதில் சொல்லாமல் எந்தத் தீர்மானமும் எங்கள் மாநாட்டில் தேறாது.

ஷூர்க்கரை:

சரி, பதில் சொல்லும் அளவுக்குத் தயாராகித்தான் வருவேன். எங்கள் கிளப்பின் அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் தீர்மானம் வைக்கிறேன். கட்டடம் மறுபடி விற்பனைக்கு வந்தால் முதலில் கேட்கும் உரிமையைச் சங்கம் இப்போதே பேசி வாங்கி வைக்க வேண்டும், வாங்கினால் மத்திய நிதியிலிருந்து தனிக் கணக்கில் வாங்க வேண்டும், கிளப்புகளின் பங்கைத் தொடக்கூடாது. இந்த மூன்றும் அதில் இருக்கும். மெக்கார்த்தியின் பெயரும் மிஸ் ஹேய்ஸின் பெயரும் 1974-ம் முகவுரையில் இருக்கும்.

பொருளாளர்:

முதலில் கேட்கும் உரிமைக்குச் செலவு அதிகம் ஆகாது. அந்த ஒரு வரி மட்டும் தனித் தீர்மானமாக வந்தால் எங்கள் கவுண்ட்டியில் நான் எதிர்க்க மாட்டேன். வாங்கும் வரியோடு சேர்ந்து வந்தால் எழுந்து நின்று எதிர்ப்பேன், வாக்கும் எதிராகத்தான். இரண்டையும் பிரித்து எழுதுங்கள்.

ஏடுபுரட்டி:

முகவுரையில் 1885 ஜனவரி 17-ஐயும் சேருங்கள். விதிகள் ஏற்கப்பட்ட கூட்டத்தை விட்டுவிட்டு எழுதும் எந்தத் தீர்மானமும் பாதி வரலாறுதான். லாக்ரேயைப் பற்றி ஒரு வரி இருந்தால் கால்வே ஆட்களின் வாக்கும் கிடைக்கலாம்.